தேதி போடாத கையெழுத்து

ஒன்பது வாரமாக நெவில் டாட்ஸுக்குப் பேனா கிடைக்கவில்லை.

முதல் வாரம் பேனாவைக் காணோம் என்றான். இரண்டாவது வாரம் கண்ணாடி உடைந்துவிட்டது என்றான். மூன்றாவது வாரம், அவன் வேலை பார்க்கும் ஃபெரியில், ஆற்றைக் கடக்கும் அந்தப் படகில், கூடுதல் வேலை. அப்புறம் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் இல்லை. அப்புறம் மழை. மழைக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கே விளங்கவில்லை, ஆனால் வாயில் வந்துவிட்டது.

சனிக்கிழமை தவறாமல் மாடி வீட்டு கிளெண்டா ஹெப்பிள் தன் படிக்கட்டில் இறங்கி, தன் வாசற்கதவைத் திறந்து, ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து, அவன் வாசற்கதவைத் தட்டுவாள். ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு கதவுகள். ஒன்று அவன் வீட்டுக்குள் நேரே போகும். மற்றது படியேறி அவள் வீட்டுக்குப் போகும். இங்கிலாந்தின் வடகிழக்கே சவுத் ஷீல்ட்ஸில் அந்தத் தெரு முழுக்க அப்படித்தான்.

"என்னப்பா, பேனா கெடச்சுதா?"

"தேடிட்டிருக்கேன்."

"பள்ளிக்கூடத்துல நான் முந்நூறு பிள்ளைங்களுக்குச் சமைச்சுப் போடறேன். அதுல ஒரு பொடிசுகூட உன்ன மாதிரி சாக்கு சொல்றதில்ல தெரியுமா?"

"அதுங்களுக்கு அனுபவம் பத்தாது."

அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். கிளெண்டா வீட்டை விற்கிறாள். அவள் மகள் சோஃபி நியூசிலாந்தில் இருக்கிறாள். வயிற்றில் குழந்தை, கூட யாரும் இல்லை. நவம்பருக்குள் அம்மா அங்கே போயாக வேண்டும். வாங்குவதற்கு ஓர் இளம் ஜோடி வந்துவிட்டது. அவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிதான் கொக்கியைப் போட்டது. மாடி வீட்டுக் குத்தகை எழுதும்போது தொண்ணூற்றொன்பது வருஷம். இப்போது மிச்சம் அறுபது. இவ்வளவு குறைந்த குத்தகைக்குக் கடன் தர மாட்டோம், நீட்டித்து வாருங்கள் என்றது வங்கி. நீட்டித்துக் கொடுக்க வேண்டியவர் அந்த வீட்டின் மூல உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்.

அவர் நெவில்.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. மேல் வீட்டின் மூல உரிமை கீழ் வீட்டுக்காரரிடம் இருக்கும். கீழ் வீட்டின் மூல உரிமை மேல் வீட்டுக்காரரிடம் இருக்கும். ஆக இரண்டு பேரும் தன் வீட்டில் குத்தகைக்காரர், அடுத்தவர் வீட்டுக்குச் சொந்தக்காரர். நீ கூரையைக் கவனிக்காவிட்டால் நான் அஸ்திவாரத்தைக் கவனிக்க மாட்டேன் என்று யாரும் யாரையும் மிரட்ட முடியாது, ஒருவர் குடுமி மற்றவர் கையில். வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் தலையைச் சொறிவார்கள்.

கையெழுத்துப் போட்டால் அவள் வீட்டுக்கு இன்னும் தொள்ளாயிரத்துச் சொச்சம் வருஷம் கிடைக்கும். அவளோ நவம்பரில் இருக்க மாட்டாள்.

பத்தொன்பது வருஷமாக நெவிலுக்கு அவள் காலடிச் சத்தம் அத்துப்படி. காலை ஐந்தே முக்காலுக்குச் சமையலறைக்கு வெறுங்காலில் நடப்பாள். ஆறே காலுக்கு ரப்பர் அடிச் செருப்பு. வெள்ளிக்கிழமை மாலை மட்டும் குதிகால் வைத்தது, அதுவும் இரண்டு மூன்று முறை கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பும். மனசில் இருப்பதை அவன் அவளிடம் சொன்னதில்லை. சொல்வதற்கு ஏதோ ஒரு நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருந்தான். ஆனால் ஒரு காகிதத்தில் அவன் பேரும் அவள் வீடும் ஒன்றாக இருக்கின்றன என்பது மட்டும் அவனுக்கு ரகசியமான ஒரு சுகம். எங்கோ ஓர் அலுவலக அலமாரியில் இரண்டு பேரையும் யாரோ முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பத்தாவது வாரம் கிளெண்டாவின் விற்பனையைக் கவனிக்கும் வக்கீல், சொலிசிட்டர் மிஸ் சார்ல்டன், ஃபோனில் கூப்பிட்டாள்.

"மிஸ்டர் டாட்ஸ், உக்காந்துட்டிருக்கீங்களா?"

"நின்னுட்டிருக்கேன். பரவால்ல, சொல்லுங்க. பேனா விஷயம்னா..."

"பேனா இனிமே வேண்டாம். நீங்க கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. மாடி வீட்டு மூல உரிமை உங்க பேர்லயே இல்ல."

நெவில் உட்கார்ந்தான்.

"நீங்க வீடு வாங்கினப்போ யாரு உங்க சொலிசிட்டர்?"

"தெக்கே ஏதோ ஒரு ஆபீஸ். போன்லயே முடிச்சுக் குடுத்தாங்க."

"அதான். இந்த ஊர் வழக்கம் அவங்களுக்குத் தெரியல. கீழ் வீட்டுக் குத்தகைய உங்க பேருக்கு மாத்தினாங்க. கூடவே மேல் வீட்டு மூல உரிமையையும் மாத்தணும்ங்கறத விட்டுட்டாங்க. அது இன்னிக்கும் உங்களுக்கு வித்தவர் பேர்ல கெடக்கு. ராய் டியூலிப். உயிரோட இருக்காரா?"

அப்படியென்றால் கிளெண்டாவுக்கு அவன் வீட்டுக்காரனே இல்லை. பத்தொன்பது வருஷமாக இல்லை. ஃபோனை வைத்த பிறகு நெவில் கூரையைப் பார்த்தான். மேலே ரப்பர் அடிச் செருப்பு சமையலறையிலிருந்து ஜன்னலுக்குப் போனது. அந்தச் சத்தத்துக்குச் சொந்தம் கொண்டாட ஒரு துண்டுக் காகிதம்கூட அவனிடம் இல்லை.

ஒன்பது வாரம் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம் பிடித்த ஆள், அன்று மத்தியானமே ராய் டியூலிப்பைத் தேட ஆரம்பித்துவிட்டான். ஏன் என்று கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியாது. ஒரே ஒரு நாளைக்காவது அவன் பேர் அந்தக் காகிதத்தில் இருந்தாக வேண்டும். அவ்வளவுதான் தெரிந்தது.

ராய் வடக்கே ஆம்பிள் பக்கம், சக்கர வீடுகள் வரிசையாக நிற்கும் கடலோரக் கேரவன் பூங்கா ஒன்றில் இருந்தார். மிஸ் சார்ல்டன் நெவிலையும் கிளெண்டாவையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லி இரண்டு பத்திரம் தயார் செய்து கொடுத்தாள். ஒன்று ராயிடமிருந்து நெவிலுக்கு மூல உரிமை மாறுவதற்கு. இன்னொன்று நெவில் கிளெண்டாவின் குத்தகையை நீட்டிப்பதற்கு.

"ரெண்டுலயும் கையெழுத்து, சாட்சி, எல்லாம் வாங்கிட்டு வாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சாட்சி போடக் கூடாது, வெளியாள் வேணும். அப்புறம், தேதி மட்டும் போட்டுடாதீங்க. வீடு கை மாறற அன்னிக்கு நானே போட்டுக்கறேன்."

"தேதி போடற வரைக்கும்?" என்று கிளெண்டா கேட்டாள்.

"அது வரைக்கும் அது வெறும் காகிதம்."

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, நெவிலுக்கு விடுமுறை நாள், கிளெண்டா பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள், இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஆற்றைத் தாண்டி பஸ் பிடிக்க வேண்டும். ஆகவே ஃபெரி. இருபத்திரண்டு வருஷமாக அதே படகில் நெவிலும் செய்கிற வேலை, கரைத்தூணுக்குக் கயிறு வீசுவது; அன்று அதைச் செய்துகொண்டிருந்த கெவ் வாயைப் பிளந்தான்.

"டேய், லீவு நாள்லயும் கப்பலா? ஒனக்கு வேற எடமே தெரியாதாடா?"

"பயணியா வந்திருக்கேன். மரியாதையாப் பேசு."

"அட, சட்டையெல்லாம் தேய்ச்சிருக்கான்! கிளெண்டா, இவனுக்கு நீதான் தேய்ச்சுக் குடுத்தியா?"

"நான் அவன் குத்தகைக்காரிப்பா, சலவைக்காரி இல்ல."

"குத்தகைக்காரியும் இல்லியாம்," என்றான் நெவில். "அதுக்குத்தான் போயிட்டிருக்கோம்."

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அவள் ஜன்னலோரம். முட்டை வைத்த ரொட்டி கொண்டு வந்திருந்தாள், அவனுக்கு மிளகு தூவாமல், தனக்குத் தூவி. கேட்காமலே தெரிந்து வைத்திருக்கிறாள். அவன் அந்த ரொட்டியை மிக மெதுவாகச் சாப்பிட்டான். வயல் முடிந்து கடல் தெரிந்ததும் அவள், "நியூசிலாந்துலயும் கடல் இப்படித்தான் இருக்குமாம், சோஃபி சொன்னா. ஆனா தப்பான பக்கம், மேக்கால இருக்குமாம்," என்றாள். நிறுத்தம் வந்துவிட்டது.

ராய் டியூலிப் கேரவனுக்குப் பின்னால் மண்ணில் முழங்கால் போட்டு, வெங்காய இனத்து லீக் செடிகளுக்கு நடுவில் இருந்தார். போட்டிக்கு வளர்ப்பவை, ஒவ்வொரு தண்டும் கை கனத்துக்கு இருந்தது. கண்காட்சிக்குப் பத்து நாள்தான் பாக்கி. எழுந்து வர மாட்டேன் என்றார்.

"நீங்க பேசுங்க, காது சும்மாத்தான் இருக்கு."

நெவில் சொன்னான். ராய் கேட்டுக்கொண்டே ஒரு இலையைத் துடைத்தார்.

"அப்போ இத்தன வருஷமா அம்மணிக்கு நான்தான் வீட்டுக்காரனா?"

"ஆமாங்க."

"கூர ஒழுகிச்சா?"

"ரெண்டு தடவை," என்றாள் கிளெண்டா.

"யாரு சரி பண்ணது?"

"இவரு. ஏணி போட்டு."

"நான் பண்ண வேண்டிய வேலையடா அது! பாவம், தெரியாம பண்ணிட்டே." ராய்க்கு ஒரே குஷி. "இந்தப் பூங்காவுல எல்லாரும் என்னை ஒண்ணும் இல்லாதவன்னு நினைக்கறாங்க. எனக்குச் சவுத் ஷீல்ட்ஸ்ல ஒரு மாடி வீடே இருந்திருக்கு பாரு. சரி, நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?"

"இல்ல," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"சும்மா கேட்டேன்பா. ரெண்டு பேரும் ஏன் கத்தறீங்க?"

கையை மூன்று முறை கழுவிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். பூங்கா அலுவலகத்து டோரீன் சாட்சி போட்டாள். தேதி எழுதப் போனவள் கையிலிருந்து கிளெண்டா பேனாவைப் பிடுங்காத குறை. நெவில் அந்தக் காகிதத்தைப் பார்த்தான். மாடி வீடு, தெருப் பெயர், எண். கீழே, பெறுபவர்: நெவில் ஜேம்ஸ் டாட்ஸ். அவன் அதை இரண்டு முறை படித்தான். மூன்றாவது முறை படிக்கும்போது கிளெண்டா, "எழுத்துப் பிழையா?" என்றாள்.

"இல்ல. சரியா இருக்கு. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

திரும்பும் பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். ராயின் பத்திரம் அவள் பையில். இன்னொரு பத்திரம், அவள் போவதற்கானது, நெவிலின் கோட்டுக்குள், நெஞ்சுக்கு எதிரில், கையெழுத்தில்லாமல். கூடவே பேனாவும். வாய்விட்டுச் சொல்ல வேண்டுமென்றால் இன்றுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை. பஸ் ஒவ்வொரு ஊராக நின்றது, அவன் ஒவ்வொரு ஊரிலும் சொல்லப் போய் வாயை மூடிக்கொண்டான். அப்புறம்தான் உறைத்தது. கையெழுத்துப் போடாத பத்திரத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போகாதே என்று சொன்னால், அது கதவைத் தாழ் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயேன் என்று கேட்பது மாதிரி. ஒன்பது வாரமாக அவன் செய்ததும் அதுதான். அவள் சிரித்துக்கொண்டே பொறுத்தாள்.

ஃபெரி கிளம்பியது. சாயங்காலம் ஐந்து மணி. ஆற்றுத் தண்ணீர் தகரம் மாதிரி மின்னியது. அக்கரைக்கு ஏழு நிமிஷம். நெவிலுக்கு அதைக் கடிகாரம் பார்க்காமல் சொல்லத் தெரியும்.

"கெவ், இங்க வா. சாட்சி போடு."

"என்னடா, கல்யாணமா?"

"அதுக்கு நேர் எதிர்."

உயிர்காப்பு உடை வைக்கும் பெட்டியின் மேல் பத்திரத்தை விரித்தான். காற்று தூக்காமல் கிளெண்டா இரண்டு கையாலும் மூலைகளை அழுத்திப் பிடித்தாள். நெவில் கோட்டுக்குள்ளிருந்து பேனாவை எடுத்தான். அவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். அவன் போட்டான். பெரிய, தெளிவான கையெழுத்து.

"தொழில்னு ஒண்ணு கேட்டிருக்கே," என்றான் கெவ். "என்ன எழுத? கயிறு வீசறவன்னா?"

"மாலுமின்னு எழுதுடா. உங்கம்மா சந்தோஷப்படுவாங்க."

கெவ் எழுதிவிட்டுக் கயிற்றுப் பக்கம் போனான். இரண்டு நிமிஷம் பாக்கி. நெவில் பத்திரத்தை மடித்து அவள் கையில் கொடுத்தான். அவள் அதைப் பையில் போட்டு மூடும் வரைக்கும் காத்திருந்தான்.

"பேனா எப்பவும் இருந்துச்சு, கிளெண்டா."

"தெரியும்."

"நீ போகக் கூடாதுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. இப்ப சுத்தமா இல்ல. அதான் சொல்றேன். நீ போறது எனக்குத் தாங்கல. நீ எப்போ எப்படி நடப்பேன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழம அந்தக் குதிகால் செருப்புப் போட்டுட்டு கண்ணாடிக்குப் போயிட்டு போயிட்டு வருவே இல்ல, அப்பல்லாம் நான் கீழ நின்னுட்டு, நல்லாத்தான் இருக்கு கெளம்புன்னு சொல்லிக்குவேன். உனக்குக் கேக்காது. அவ்வளவுதான். முடிஞ்சுது."

இஞ்சின் சத்தம் மாறியது. கரை வந்துகொண்டிருந்தது. கிளெண்டா ஆற்றையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வீடு விக்கறவங்க ஒரு ஃபாரம் பூர்த்தி பண்ணணும். எத்தனை பல்பு விட்டுட்டுப் போவே, துணி காயப்போடற கொடி யாரோடது, எல்லாம் கேட்டிருக்கான். அதுல ஒரு கேள்வி. பக்கத்து வீட்டுக்காரர் கடிதமாவோ பேச்சாவோ, வாங்கறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய எதையாவது சொன்னதுண்டா? நான் ஜூன் மாசமே 'இல்லை'ன்னு போட்டுட்டேன். போட்டுட்டு ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், நெவில். ஒம்போது வாரம் உன் கதவைத் தட்டினது கையெழுத்துக்குன்னா நெனச்ச?"

ஃபெரி படித்துறையில் முட்டியது. அவள் தடுமாறி அவன் கையைப் பிடித்தாள். விடவில்லை.

"சோஃபிக்கு யாரும் இல்ல," என்றாள்.

"தெரியும்."

"பாப்பா பொறக்கப் போறது நவம்பர்ல."

"தெரியும்மா. நீ போகணும்."

"அந்த பதிலை இப்ப மாத்தணும். பொய் சொல்லி வித்தா கேஸ் போட்டுடுவாங்க." சிரித்துக்கொண்டே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தேதி இன்னும் போடலல்ல?"

"போடல. ரெண்டு பத்திரத்துக்கும் ஒரே நாள்லதான் போடுவாங்களாம். நான் உனக்கு வீட்டுக்காரன் ஆகற அன்னிக்கே நீ கெளம்பிடுவே."

"உன் நேரத்தைப் பாரு," என்றாள் கிளெண்டா.

"ஏய், ரெண்டு பேரும் எறங்கறீங்களா, இல்ல மறுபடி அந்தக் கரைக்கா?" கெவ் கத்தினான்.

மறுபடி அந்தக் கரைக்கே போனார்கள். திரும்பி வந்தார்கள். கெவ் டிக்கெட் கேட்கவில்லை.

தேதி போட ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் மாடிப் படிக்கட்டில் இரண்டு ஜோடிக் காலடி கேட்டது. கொல்லைப்புறக் கொடியில் அவன் சட்டையும் அவள் ஏப்ரனும் கலந்து காய்ந்தன. பல்புகளை இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். சமையலறையில் ஒன்று எரியவில்லை. கொடியைப் பற்றி ஃபாரத்தில், கீழ் வீட்டுக்காரருடையது, விற்பனையில் சேராது என்று எழுதினாள். அவள் ஊருக்குத் திரும்பி வருவதைப் பற்றியும் அவன் அங்கே போவதைப் பற்றியும் பேசத் தொடங்குவார்கள், பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். தேநீர் ஆறிப்போகும்.

வெள்ளிக்கிழமை வந்தது. அந்த ஊரில் வீடுகள் கை மாறுவது வெள்ளிக்கிழமையில்தான், ஏன் என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டேகாலுக்கு மிஸ் சார்ல்டன் கூப்பிட்டபோது நெவில் ஃபெரியில் வேலையில் இருந்தான்.

"தேதி போட்டாச்சு, மிஸ்டர் டாட்ஸ். இனிமே மாடி வீட்டு மூல உரிமை உங்களோடது. வாழ்த்துகள்."

"நன்றிங்க."

விமான நிலையத்துக்கு இந்தக் கரையிலேயே மெட்ரோ உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய் அங்கே மெட்ரோ பிடிக்க வேண்டிய அவசியம் எந்தப் பயணிக்கும் கிடையாது. ஒன்றரை மணிப் படகில் கிளெண்டா இரண்டு பெட்டியோடு ஏறினாள். குதிகால் வைத்த செருப்பு.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் நெவில்.

"இன்னிக்குக் கேட்டுது," என்றாள் அவள்.

ஏழு நிமிஷமும் அவன் பக்கத்தில் நின்றாள். கெவ் நெவிலின் வேலையையும் சேர்த்துப் பார்த்தான். கரை நெருங்கும்போது அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவன் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"பதிலை நெஜமாவே மாத்தினேன். வாங்கறவங்களோட சொலிசிட்டர் சும்மா விடுவாங்களா? விவரம் கேட்டு உடனே கடுதாசி. நானும் பதில் போட்டேன். நான் எறங்கினப்புறம் படி."

பெட்டிகளை அவன்தான் இறக்கினான். படித்துறைச் சரிவில் அவள் ஏறிப் போனாள், குதிகால் சத்தம் பலகையில் கேட்டது, அப்புறம் சிமெண்டில், அப்புறம் காற்று மட்டும். ஒரு முறை திரும்பிக் கை காட்டினாள்.

படகு நடு ஆற்றுக்கு வந்த பிறகு நெவில் காகிதத்தைப் பிரித்தான். மேலே அந்தப் பக்கத்து சொலிசிட்டரின் கேள்வி, தட்டச்சில்: கீழ் வீட்டுக்காரர் விற்பவரிடம் ஏதோ தெரிவித்ததாகத் திருத்தப்பட்ட பதிலில் காண்கிறோம். அது என்ன, சொத்தைப் பாதிக்குமா என விவரம் தரவும்.

கீழே கிளெண்டாவின் கையெழுத்தில் ஒரே வரி.

அது சொத்தைப் பாதிக்காது, விற்பவரைத்தான் பாதிக்கும்.

"டேய் நெவில், கயிறு!" என்று கெவ் கத்தினான். கரை வந்துவிட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் வீசிய கயிறு தூணைத் தொடாமல் தண்ணீரில் விழுந்தது.